சேது நம்ம ஊர்ப் பக்கம்

ஜூலை மாதத்தில் நஜ்மாவில் குழந்தைகளின் சத்தமே இருக்காது. பள்ளிக்கூடங்கள் மூடிவிடும், குடும்பங்கள் ஊருக்குப் பறந்துவிடும். ஹராஜ் சந்தையில் பழைய கட்டிலும் அலமாரியும் விற்பவர்கள் மட்டும் நிழல் நகர நகர நாற்காலியை நகர்த்திக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். தோஹாவின் இந்தப் பகுதிக்கு நான் வந்து பதினேழு ஆண்டுகள் ஆகின்றன. கோடை விடுமுறை என்றால் எங்களுக்குக் கீழக்கரைதான். சென்ற ஆண்டு மட்டும் அதில் ஒரு மாற்றம். விசிட் விசாவில் வந்து எங்களோடு மூன்று மாதம் இருந்த உம்மாவையும் அழைத்துக்கொண்டு, ஊருக்குப் போவதற்கு முன் ஐந்து நாள் ஜாவாவுக்குப் போனோம். கீழக்கரைக்குப் போகிற வழியில் ஜாவா இல்லை என்பது எனக்கும் தெரியும். டிக்கெட் மலிவாகக் கிடைத்தது, அவ்வளவுதான்.

யோக்யகர்த்தாவில் நாங்கள் தங்கிய விடுதியின் வரவேற்பு மேசையில் ஓர் அட்டை இருந்தது. பிரம்பனான் கோயில்களின் எதிரே திறந்தவெளி மேடையில் ராமாயண நடனம், அதற்கு முன் இரவுச் சாப்பாடு, இரண்டுக்கும் சேர்த்து ஒரே கட்டணம். என் மனைவிக்கு ஆசை. ஒன்பது வயது மகனுக்கு அட்டையில் எரிந்துகொண்டிருந்த நெருப்பு பிடித்துவிட்டது. உம்மா, "சாப்பாடு ஹலாலாண்டு கேட்டுக்கங்க" என்பதோடு நிறுத்திக்கொண்டார். பதின்மூன்று வயது மகள்தான், "நான் வரல. நீங்க போய்ட்டு வாங்க" என்றாள். காரணம் கேட்டதற்குத் தலைவலி என்றாள். அவளுக்குத் தலைவலி இல்லை என்பது முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது.

எனக்கும் பெரிய ஆர்வம் இருக்கவில்லை. வளைகுடாவில் இருப்பவர்களுக்குச் சாப்பாட்டோடு சேர்த்து விற்கப்படும் கதைகள் புதிதல்ல. ஊரிலிருந்து யார் துபாய்க்கு வந்தாலும் பாலைவனச் சவாரிக்கு அழைத்துப் போகிறோம். கூடாரம், பேரீச்சம்பழம், கரியில் சுட்ட இறைச்சி, நடுவில் ஒரு மேடை. அதில் வண்ணப் பாவாடை விரியச் சுழல்பவரின் தனூரா ஆட்டம் எகிப்திலிருந்து வந்தது. அதன் வேர் சூஃபிகளின் தியானச் சுழற்சியில் இருக்கிறது. 'அரேபிய இரவு' என்று விளம்பரம் செய்யப்படும் அந்த இரவில் இந்தக் கரையின் முத்துக்குளிப்பவர்கள் படகில் பாடிய பாட்டு ஒன்றுகூட இருக்காது. பிரம்பனானிலும் அப்படி ஒன்றைத்தான் எதிர்பார்த்தேன். கடைசியில் மகளையும் வற்புறுத்தி அழைத்துக்கொண்டு ஐந்து பேருமாகப் போனோம்.

சாப்பாட்டுக் கூடம் மேடையை ஒட்டி இருந்தது. நாசி கோரெங், கோழி சாத்தே, மஞ்சள் நிறத்தில் ஒரு சூப், கூடை நிறைய அப்பளம் போன்ற குருப்புக். பரிமாறிய பெண்கள் எல்லாரும் தலையில் முக்காடு போட்டிருந்தார்கள். ஹலாலா என்று கேட்க வேண்டிய அவசியமே வரவில்லை. மரங்களுக்கு அப்பால் சிவன் கோயிலின் கோபுரம் 47 மீட்டர் உயரத்தில் விளக்கொளியில் நின்றது. பக்கத்து ஊரின் பள்ளிவாசலிலிருந்து பாங்கு ஒலித்தது. உம்மா முந்தானையைத் தலைக்கு மேல் இழுத்துவிட்டுக்கொண்டு கோபுரத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

ஏழரை மணிக்குக் கமெலான் முழங்கியது. இந்த நிகழ்ச்சிக்குச் செந்திராதாரி என்று பெயர். கலை, நாடகம், நடனம் என்ற பொருளுள்ள மூன்று சொற்களை ஒட்டவைத்துச் செய்த சொல். நடிகர்கள் வசனம் பேசுவதில்லை. பாடகர்களும் இசைக்குழுவும் பக்கத்தில் அமர்ந்திருக்க, உடல்தான் கதை சொல்கிறது. ராமன், சிந்தா, லெஸ்மானா, ரஹ்வானா. பெயர்கள் சற்றுத் திரிந்திருந்தாலும் நமக்கு அடையாளம் தெரிந்தது. பொன்மான் துள்ளியபோது மகன் எழுந்து நின்றுவிட்டான். ஜடாயு சிறகிழந்து விழுந்தபோது உம்மா, "அல்லாஹ்வே, அந்தப் பறவையைப் பாரு" என்றார். அனுமன் மேடையிலிருந்த வைக்கோல் குடிசைகளுக்கு உண்மையாகவே தீ வைத்தார். அந்தச் சூடு எங்கள் வரிசை வரை வந்தது.

பழங்காலத்திலிருந்து தொடர்ந்து ஆடப்பட்டு வரும் கோயில் சடங்கு என்று பார்ப்பவர்களுக்குத் தோன்றும். அது உண்மையில்லை. இந்த நிகழ்ச்சி தொடங்கியது 1961இல். சுகர்னோ ஆட்சியில் போக்குவரத்து, தபால், சுற்றுலா ஆகியவற்றுக்குப் பொறுப்பாக இருந்த அமைச்சர் ஜாதிகுசுமோவின் முயற்சி அது. சுராகார்த்தா அரச குடும்பத்தில் பிறந்து, விடுதலைப் போரில் படைத்தலைவராக இருந்தவர் அவர். கம்போடியாவில் அங்கோர் வாட்டின் முன்னால் அரச நடனக் குழு ஆடியதைப் பார்த்தபோது, நம்மிடமும் கோயில் இருக்கிறது, கதை இருக்கிறது, ஆடுபவர்களும் இருக்கிறார்களே என்று அவருக்குத் தோன்றியதாகச் சொல்வார்கள். வெளிநாட்டுப் பயணிகளை வரவழைக்க வேண்டும், அந்நியச் செலாவணி வேண்டும், புதிய தேசத்துக்கு உலகின் முன் காட்ட ஒரு முகமும் வேண்டும். இந்த மூன்று தேவைகளுக்கும் பிறந்த குழந்தைதான் நாங்கள் பார்த்தது. வெளிநாட்டவருக்கு மொழி தடையாக இருக்கக்கூடாது என்பதும் வசனம் இல்லாததற்கு ஒரு காரணம்.

அப்படியென்றால் இது போலியா? நடனம் போலியில்லை. 1755இல் உருவான யோக்யகர்த்தா சுல்தானகத்தின் அரண்மனையிலும் சுராகார்த்தா அரண்மனையிலும் வளர்ந்த ஆட்ட மரபின் அசைவுகள்தான் இவை. அந்த அரண்மனைகளின் தலைவர்கள் முஸ்லிம்கள், மேடையில் ஆடியவர்களிலும் பெரும்பாலோர் முஸ்லிம்கள். கோயிலும் போலியில்லை. 9ஆம் நூற்றாண்டில் கட்டப்பட்டது. கி.பி. 856ஆம் ஆண்டைச் சேர்ந்த ஒரு கல்வெட்டு சிவன் கோயில் ஒன்றைப் பற்றிப் பேசுகிறது, அது இதுவே என்பது ஆய்வாளர்களின் கருத்து. நம் தஞ்சைப் பெரிய கோயிலுக்கு ஏறத்தாழ ஒன்றரை நூற்றாண்டு மூத்தது. ஆனால் கட்டி முடித்த சில தலைமுறைகளிலேயே அரசு கிழக்கு ஜாவாவுக்கு நகர்ந்துவிட்டது. கோயில்கள் சரிந்து கல்மேடாகின. மக்கள் அந்தக் கல்மேட்டுக்குத் தங்களுடைய கதை ஒன்றைச் சொன்னார்கள். தன்னை மணக்க ஒரே இரவில் ஆயிரம் கோயில் கட்ட வேண்டும் என்றாளாம் ரோரோ ஜோங்ராங் என்ற இளவரசி. 999 முடிந்ததும், நெல் குத்தும் ஓசையால் சேவலைக் கூவவைத்து விடிந்துவிட்டதாக ஏமாற்றினாளாம். கோபம் கொண்டவன் அவளையே கல்லாக்கிவிட்டானாம். சிவன் கோயிலிலுள்ள துர்க்கையின் சிலையைத்தான் ஊர்க்காரர்கள் அந்த இளவரசி என்கிறார்கள்.

அந்தக் கல்மேட்டை அளக்க வந்தவர்களில் ஒருவர் தமிழருக்கு நன்கு தெரிந்தவர். 1783இல் சென்னைக்கு வந்து, தென்னிந்தியாவெங்கும் சுவடிகளும் கல்வெட்டுப் படிகளும் சேகரித்த காலின் மெக்கன்சிதான் அவர். 1811இல் ஆங்கிலேயர் டச்சுக்காரர்களிடமிருந்து ஜாவாவைக் கைப்பற்றிய படையெடுப்பில் அவரும் சென்றார். 1812இல் பிரம்பனானின் இடிபாடுகளை ஆராய்ந்து எழுதினார். அவர் திரட்டிய தமிழ்ச் சுவடிகள் இன்று சென்னையில், அரசினர் கீழ்த்திசைச் சுவடிகள் நூலகத்தில் உள்ளன. நம் ஊர் வரலாறுகளை எழுதி வாங்கியவரும் இந்தக் கற்களின் நடுவே நடந்தவரும் ஒருவரே. சிவன் கோயிலை மீண்டும் அடுக்கி எழுப்பும் வேலை டச்சுக்காரர் காலத்தில் தொடங்கி, விடுதலைக்குப் பின் 1953இல்தான் முடிந்தது. எட்டே ஆண்டுகளில் அதன் முன்னால் நடன மேடையும் வந்துவிட்டது.

நிகழ்ச்சியின் இடைவேளையில்தான் மகள் வாய் திறந்தாள்.

"வாப்பா, போன டேர்ம்ல ஸ்கூல்ல இந்த நாடகம் போட்டாங்க. நான் பேர் குடுத்தேன்."

"எங்ககிட்ட சொல்லவே இல்லையே?"

"அப்புறம் பேர எடுத்துட்டேன். என் கிளாஸ்ல ஒரு பொண்ணு, இது உங்க கதை இல்லையே, உனக்கு எதுக்குன்னு கேட்டா. எல்லாரும் இருந்தாங்க." சற்று நிறுத்திவிட்டு, "பெரியவாப்பா போன்ல பேசினப்பவும் அதேதான் சொன்னாங்க. நமக்கும் அதுக்கும் என்ன சம்பந்தம்னு" என்றாள்.

பெரியவாப்பா என்பது என் காக்கா. எங்கள் வீட்டிலேயே இப்படிச் சொல்ல ஆள் இருக்கிறது என்பது எனக்குப் புதிதல்ல. ஆனால் தோழி ஒரு பக்கமும் பெரியவாப்பா மறுபக்கமும் கதவைச் சாத்த, நடுவில் தன் குழந்தை நின்றுகொண்டிருந்தது தெரியாமல் ஒரு தகப்பன் மாதக்கணக்கில் அவளோடு ஒரே காரில் பள்ளிக்கூடத்துக்குப் போய்வந்திருக்கிறான். என்ன சொல்வதென்று எனக்குத் தெரியவில்லை. உம்மாதான் கையிலிருந்த தேநீரைக் கீழே வைத்துவிட்டு, "சேது நம்ம ஊர்ப் பக்கம்தானே புள்ள" என்றார்.

உம்மா சொன்னது தத்துவம் எதுவுமில்லை, ஊரின் வரைபடம்தான். கீழக்கரைக்கு அருகே இருப்பது சேதுக்கரை. ஆடி அமாவாசையன்று எங்கெங்கிருந்தோ வந்து அங்கே கடலில் நீராடுவார்கள். அதற்குச் சற்று உள்ளே திருப்புல்லாணி. கடலரசனிடம் வழி கேட்டு ராமன் புல்லணையில் கிடந்த இடம் என்று கோயில் சொல்கிறது. உம்மாவின் சிறுவயதில் எங்கள் தெருவுக்குப் பதநீர் கொண்டுவந்தவரும், வீட்டுக்கு ஓலை வேய்ந்தவரும் அந்தப் பக்கத்துக்காரர்கள். "அவங்க சொல்லித்தான் கேட்டிருக்கோம், அனுமாரு கல்லு போட்டதெல்லாம்" என்றார் உம்மா. பிறகு, "தொழுறது வேற, கதை கேக்குறது வேற. எனக்கு ரெண்டும் குழம்பினதே இல்ல" என்றார். மகள் பதில் சொல்லவில்லை. மணி அடித்தது. மீதிக் கதையை ஐந்து பேரும் பார்த்தோம். சிந்தை தீயில் இறங்கும் இடத்தில் உம்மாவுக்குக் கோபம் வந்தது. "இவ்வளவு பாடுபட்டுக் கூட்டிட்டு வந்து, இதென்ன சந்தேகம்?" என்று ராமனைக் கேட்டார். பலர் பல நூற்றாண்டுகளாகக் கேட்டுவரும் கேள்வி அது.

மறுநாள் காலை மகளே, "கோயிலுக்குள்ள போகலாமா?" என்றாள். சிவன் கோயிலின் சுற்றுச்சுவரில், உட்புறமாக, ராமாயணம் கல்லில் செதுக்கப்பட்டிருக்கிறது. வலம் வந்தபடியே பார்க்க வேண்டும். அந்த வரிசையின் முடிவில் வானரங்கள் கடலில் பாறைகளைத் தூக்கிப் போடுகின்றன. கீழே மீன்கள் வாயைத் திறந்து அந்தக் கற்களைக் கவ்வுகின்றன. அணை முடிந்து, படை இலங்கைக்குள் நுழைவதோடு சிவன் கோயில் வரிசை நின்றுவிடுகிறது. மீதியைப் பிரம்மாவின் கோயிலில் போய்ப் பார்க்க வேண்டும். கல்லை விழுங்கும் மீன்கள் வால்மீகியில் இல்லை. டச்சு ஆய்வாளர் ஸ்டட்டர்ஹைம் 1920களிலேயே இதைக் கவனித்தார். இந்தச் சிற்பங்கள் வால்மீகியைவிட, பிற்காலத்து மலாய் நூலான ஹிகாயத் ஸ்ரீ ராமாவோடு பல இடங்களில் நெருங்கி வருகின்றன என்று காட்டினார். ஏட்டில் ஏறுவதற்கு முன்பே வாய்மொழியில் கப்பலேறிய கதைகள் இவை. எந்தத் துறைமுகத்திலிருந்து, யார் வாயிலிருந்து என்று உறுதியாகச் சொல்ல முடியாது. ஆனால் சுமத்ராவின் பாரூசில் 1088ஆம் ஆண்டுத் தமிழ்க் கல்வெட்டு இருக்கிறது. ஐந்நூற்றுவர் என்ற வணிகக் குழு வைத்தது. மலாயாப் பல்கலைக்கழகப் பேராசிரியர் எஸ். சிங்காரவேலு போன்றவர்கள் தமிழ், மலாய், தாய் ராமகதைகளை ஒப்பிட்டு எழுதியிருக்கிறார்கள்.

ஹிகாயத் ஸ்ரீ ராமாவைப் பற்றி மகளிடம் அங்கேயே, கோயில் படியில் உட்கார்ந்து சொன்னேன். அது அரபி எழுத்தில் எழுதப்பட்ட மலாய் நூல். அதன் பழைய கையெழுத்துப் படி ஒன்று 1633இல் ஆக்ஸ்ஃபோர்டுக்குப் போய்ச் சேர்ந்தது. நம் முன்னோர் தமிழை அரபி எழுத்தில் எழுதி அதை அரபுத்தமிழ் என்று சொன்னதுபோலவே, மலாய்க்காரர்கள் தங்கள் மொழியை ஜாவி என்ற அரபி எழுத்தில் எழுதினார்கள். அந்த நூலில் ராவணன் செரந்தீபு மலையில் தவம் கிடக்கிறான். அங்கே அவனுக்காக அல்லாஹ்விடம் பரிந்து பேசுபவர் ஆதம் நபி. சேதுவுக்கு ஆங்கில வரைபடங்களில் ஆதாம் பாலம் என்று பெயர் இருப்பதையும் சொன்னேன். "ஒரே பாலத்துக்கு ரெண்டு பேரா?" என்றான் மகன். ஆமாம், இரண்டு பேர்.

மகளுக்கு இது போதவில்லை. "அது மலாய்க்காரங்க வாப்பா. நம்ம ஆளுங்க?" என்று கேட்டாள். நியாயமான கேள்வி.

நம்ம ஆட்களில் முதலில் நினைவுக்கு வந்தவர் நாகூரில் பிறந்த எம். எம். இஸ்மாயில். 1979 முதல் 1981 வரை சென்னை உயர் நீதிமன்றத்தின் தலைமை நீதிபதி. சென்னைக் கம்பன் கழகத்தின் தலைவராக இருந்து, கம்பனைப் பற்றி வாழ்நாளெல்லாம் பேசியும் எழுதியும் வந்தவர். அவருக்கும் முந்தியவர் 'தாருல் இஸ்லாம்' இதழை நடத்திய பா. தாவூத் ஷா. கம்பனில் அவருக்கிருந்த புலமையைப் பார்த்து மக்கள் அவரைக் 'கம்பராமாயண சாயபு' என்றே அழைத்தார்கள். இவர்கள் இருவரும் தங்கள் மார்க்கத்தை ஒளித்துவைத்துக்கொண்டு மேடை ஏறியவர்கள் அல்லர்.

இன்னும் பின்னால் போனால் எங்கள் ஊருக்கே வந்துவிடுகிறோம். 17ஆம் நூற்றாண்டின் இறுதியில் கீழக்கரையில் கப்பல் வணிகம் செய்தவர் செய்கு அப்துல் காதிர் மரைக்காயர். தமிழர் எல்லாருக்கும் அவர் சீதக்காதி. ராமநாதபுரத்தை ஆண்ட கிழவன் சேதுபதிக்கு நெருங்கியவர். சேதுவைக் காக்கும் பொறுப்பு உடையவர்கள் என்பதால்தான் அந்த மன்னர்களுக்குச் சேதுபதி என்ற பெயர். ரகுநாதன் என்பது அவர்கள் தாங்கிய பட்டம். ரகுநாதன் என்றால் ராமன். அந்தப் பட்டத்தை மன்னர் தம் முஸ்லிம் நண்பருக்கும் கொடுத்தார். எங்கள் ஊரின் சீதக்காதியுடைய முழுப்பெயர் விஜயரகுநாதப் பெரியதம்பி மரைக்காயர்.

மகள் அந்தப் பெயரை இரண்டு முறை சொல்லிப் பார்த்தாள். "நிஜமாவா?" என்றாள். நிஜம்தான். அதே சீதக்காதி தூண்டித்தான் உமறுப்புலவர் நபிகள் நாயகத்தின் வாழ்க்கையைச் சீறாப்புராணமாகப் பாடத் தொடங்கினார். ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட பாடல்கள். காப்பியம் எப்படிக் கட்டுவதென்று உமறு கம்பனிடம் கற்றிருக்கிறார் என்பது படித்தால் தெரியும். அதனால் அவருடைய அரபு நாட்டில் மழை பொழிகிறது, ஆறு கரைபுரள்கிறது, வயலில் நெல் விளைகிறது. ஆகஸ்டில் நஜ்மாவின் தெருவில் நடந்தவர்கள் இதைப் படித்தால் சிரிப்பார்கள். நானும் முதலில் சிரித்தேன். இப்போது அப்படித் தோன்றவில்லை. தூரத்து நாடு ஒன்றைத் தன் பிள்ளைகளுக்குச் சொந்தமாக்க நினைத்த ஒரு புலவர், கையிலிருந்த மழையையும் நெல்லையும் அதற்குக் கொடுத்திருக்கிறார். ஜாவாக்காரர்கள் ராமனுக்குத் தங்கள் நடையையும் கமெலானையும் கொடுத்ததும் அப்படித்தான்.

இந்த நட்பின் கதையை வைத்துக்கொண்டு, அந்தக் காலத்தில் எல்லாரும் ஒற்றுமையாக இருந்தார்கள் என்று எழுத எனக்கு விருப்பமில்லை. சேதுபதியும் சீதக்காதியும் கொடுத்து வாங்கியதில் வணிகம் இருந்தது, அரசியல் இருந்தது, டச்சுக்காரர்களைச் சமாளிக்கும் தேவையும் இருந்தது. ஜாதிகுசுமோவின் நடனத்தில் அந்நியச் செலாவணி இருந்ததைப் போல. ஆனால் தேவைக்காகத் திறந்த கதவு என்பதால் அது கதவு இல்லை என்றாகிவிடாது. பதின்மூன்று வயதுப் பெண் ஒருத்தி நுழையப் போதுமான அகலம் அதில் இருந்தது.

ஜாவாவிலிருந்து ஊருக்குப் போனதும் மகள் கேட்டதன் பேரில் ஜும்மா பள்ளிக்குப் போனோம். சீதக்காதி அங்கேதான் அடங்கியிருக்கிறார். கல்தூண்களை வெளியிலிருந்து பார்த்தாள். அவை கோயில் தூண்களைப் போல இருப்பதை அவளே சொன்னாள். மறுநாள் சேதுக்கரை. அலை சிறியதாக இருந்தது. தம்பி, மீன் கல்லை விழுங்குமா என்று நச்சரித்துக்கொண்டிருந்தான். காக்காவும் எங்களோடு வந்திருந்தார். மகள் அவரிடம் மெல்லப் போய், "பெரியவாப்பா, சீதக்காதியோட முழுப்பேரு உங்களுக்குத் தெரியுமா?" என்று கேட்டாள். அவருக்குத் தெரிந்திருந்தது. சொன்னார். சொல்லிவிட்டுச் சற்று நேரம் கடலைப் பார்த்துக்கொண்டு நின்றார். அதற்கு மேல் அவள் ஒன்றும் கேட்கவில்லை.

செப்டம்பரில் பள்ளி திறந்தது. இந்த ஆண்டு நாடகம் வேறு, ஷேக்ஸ்பியராம். பேர் கொடுத்திருக்கிறாள். அது யாருடைய கதை என்று இதுவரை யாரும் அவளைக் கேட்கவில்லை.